நெறியாளர் ஒருவரிலிருந்து குழுவை நோக்கி: ஜெர்மனியின் புவி அறிவியல் ஆய்வுப் பள்ளிகளில் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான பயிற்சியும் துணையும்

ஆய்வுச் சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வு என்பது ஒரு நெறியாளரும் ஒரு மாணவரும் சேர்ந்து மேற்கொள்ளும் தனிப்பட்ட முயற்சி என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. புவி அறிவியலில் இக்கருத்து முழுமையாகப் பொருந்துவதில்லை. இத்துறை ஆய்வாளரின் தரவு ஆய்வுக் கப்பல், துளைகருவி, ஆய்வகம், மீக்கணினி ஆகியவற்றின் வழியே வருகின்றது. இவற்றுள் எதுவும் ஆய்வாளரின் கையில் இல்லை. பல வேளைகளில் நெறியாளரின் கையிலும் இல்லை. ஆயினும் தரவு தாமதமாகும்போது ஏற்படும் இழப்பு ஆய்வாளரையே சாருகின்றது. அவ்விழப்பை நிறுவனமும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே ஆய்வுப் பள்ளி என்னும் அமைப்பின் உட்பொருள். ஜெர்மனியின் ஹாம்பர்க், பிரேமன், பிரேமர்ஹாஃபன் ஆகிய நகரங்களில் உள்ள புவி அறிவியல் ஆய்வுப் பள்ளிகள் இதனை எவ்வாறு செயற்படுத்துகின்றன என்பதையும், அவற்றின் எல்லைகள் யாவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: முனைவர் பட்ட ஆய்வு, புவி அறிவியல், ஆய்வுப் பள்ளி, நெறியாளர், ஆலோசனைக் குழு, களப்பணி, ஆய்வு அறம்.

முன்னுரை

ஜெர்மன் மொழியில் முனைவர் பட்ட நெறியாளரைக் குறிக்க வழங்கும் மரபுச்சொல் 'டாக்டர்ஃபாட்டர்' என்பதாகும். 'முனைவர் பட்டத் தந்தை' என்பது அதன் நேர்ப்பொருள். நெறியாளர் பெண்ணாயின் 'டாக்டர்முட்டர்', அதாவது தாய், எனப்படுவார். ஆய்வாளரின் அறிவு வளர்ச்சி, வேலைவாய்ப்பு, பட்டம் ஆகிய மூன்றும் ஒருவரைச் சார்ந்தே அமைந்திருந்த நிலையை இச்சொல் காட்டுகின்றது. நெறியாளர் நல்லவராகவும் நேரம் உடையவராகவும் அமைந்துவிட்டால் இவ்வுறவு சிறந்த பயனைத் தரும். அவ்வாறு அமையாவிடில் ஆய்வாளருக்கு வேறு புகலிடம் இல்லை.

ஜெர்மனியில் நெறியாளர் பெரும்பாலும் மூன்று பொறுப்புகளை ஒருங்கே வகிக்கின்றார். அவர் ஆய்வை நெறிப்படுத்துபவர். தம் திட்ட நிதியிலிருந்து ஆய்வாளரைப் பணியமர்த்துபவர். ஆய்வேட்டின் முதல் மதிப்பீட்டாளரும் அவரே. கற்பித்தல், ஊதியம், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒருவரிடம் குவியும்போது, 'இந்த ஆய்வு திட்டமிட்டபடி நடக்கவில்லை' என்று ஓர் ஆய்வாளர் யாரிடம் சொல்ல முடியும் என்னும் வினா எழுகின்றது. ஆய்வுப் பள்ளி இவ்வினாவிற்கு விடை காண முயலும் அமைப்பாகும்.

ஆய்வுப் பள்ளி தோன்றிய சூழல்

ஆய்வுப் பள்ளி என்பது தனிக் கட்டடமோ தனிப் பல்கலைக்கழகமோ அன்று. ஒரு துறை சார்ந்த முனைவர் பட்ட ஆய்வாளர்களையும் நெறியாளர்களையும் பொதுவான விதிகள், பயிற்சிகள், கண்காணிப்பு ஆகியவற்றின்கீழ் ஒன்றுசேர்க்கும் அமைப்பே அது. பட்டத்தைப் பல்கலைக்கழகமே வழங்குகின்றது. ஆய்வுக்கான வழித்துணையை ஆய்வுப் பள்ளி வழங்குகின்றது.

ஜெர்மானிய ஆய்வு அறக்கட்டளை 1990-ஆம் ஆண்டு ஆய்வுப் பயிற்சிக் குழுக்களுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. தனித்தனியே இயங்கிய ஆய்வாளர்களை ஒரு பொருண்மையின்கீழ் இணைக்கும் முதற் பெருமுயற்சிகளுள் இதுவும் ஒன்று. 2000-ஆம் ஆண்டளவில் மேக்ஸ் பிளாங்க் கழகம் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகளை உருவாக்கத் தொடங்கியது. அவ்வரிசையில் புவி அமைப்பு மாதிரியாக்கத்திற்கான ஆய்வுப் பள்ளி ஹாம்பர்க்கில் 2002-ஆம் ஆண்டு தோன்றியது. அங்குள்ள மேக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனமும் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் இதனை நடத்துகின்றன. 2021-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கிளாவுஸ் ஹாஸல்மன் இந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆவார்.

ஐரோப்பிய அளவில் 2005-ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் மாநாட்டில் முனைவர் பட்டக் கல்விக்கான பத்துக் கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. புதிய அறிவை உருவாக்கும் ஆய்வே இக்கல்வியின் மையம் என்றும், முழுநேர ஆய்வுக்கு மூன்று முதல் நான்கு ஆண்டுகள் உரிய காலம் என்றும் அவை கூறின. அடுத்த ஆண்டே ஜெர்மானிய அரசின் உயர்சிறப்புத் திட்டத்தின்கீழ் முதற்கட்டமாக 18 ஆய்வுப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரேமன் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் ஆய்வுப் பள்ளியாகிய 'குளோமார்' அவற்றுள் ஒன்று. பிரேமர்ஹாஃபனில் உள்ள ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம், துருவ மற்றும் கடல் ஆய்வுக்கென 'போல்மார்' என்னும் ஆய்வுப் பள்ளியை நடத்துகின்றது.

தரவு வரும் வழி

இவ்வமைப்புகளின் தேவையை உணர, புவி அறிவியலில் தரவு எவ்வாறு கிடைக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். இலக்கிய ஆய்வாளர் ஒருவர் தம் மூலநூலை நூலகத்திலிருந்து எடுத்து வாசிக்கத் தொடங்கிவிடலாம். கடந்தகாலக் காலநிலையை ஆராய்பவருக்கு மூலநூல் கடலடியில் புதைந்துள்ளது.

பிரேமன் நகரில் உள்ள படிவுக் காப்பகம் இதற்குச் சிறந்த சான்று. பன்னாட்டுக் கடலடித் துளைத்தல் திட்டங்களின் வழியே அட்லாண்டிக், ஆர்க்டிக் பெருங்கடல்களிலிருந்தும் மத்தியதரைக் கடல், கருங்கடல், பால்டிக் கடல் ஆகியவற்றிலிருந்தும் எடுக்கப்பட்ட உருளை வடிவப் படிவுகள் இங்குக் குளிர்நிலையில் பாதுகாக்கப்படுகின்றன. இவற்றின் மொத்த நீளம் 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஒவ்வொரு படிவும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டப்பட்டு, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்கப்படுகின்றது. ஒரு பாதி காப்புப் பாதி. மறுபாதி ஆய்வுப் பாதி. ஆய்வுக்கான மாதிரிகள் ஆய்வுப் பாதியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. மாதிரி வேண்டுபவர் எந்தப் படிவில், எந்த ஆழத்தில், எத்தனை கன சென்டிமீட்டர், எந்த வினாவிற்காக என்பதை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். புதிய பயணத்தில் எடுக்கப்பட்ட படிவாயின் முதல் ஓராண்டுக் காலம் அப்பயணத்தின் அறிவியல் குழுவினருக்கே உரியது. பிறர் காத்திருக்க வேண்டும்.

மாதிரி கைக்கு வந்த பின்னரும் வேலை எளிதன்று. படிவைக் கழுவிச் சலித்து, நுண்ணோக்கியின்கீழ் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரியின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பின்னர் அவற்றின் ஆக்சிஜன் ஓரிடத்தான் விகிதத்தை நிறைநிறமாலைமானியில் அளக்க வேண்டும். அக்கருவியைப் பல திட்டங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே முறை வரும்வரை காத்திருத்தலும், கருவி பழுதாயின் மீண்டும் காத்திருத்தலும் இவ்வாய்வின் இயல்பாகும்.

கப்பலைச் சார்ந்த ஆய்வுகளில் இச்சார்பு இன்னும் மிகுதி. ஆய்வுக் கப்பலின் பயண நாள்கள் முன்மொழிவுகளின் அடிப்படையில் நெடுநாள்களுக்கு முன்னரே ஒதுக்கப்படுகின்றன. கடல் கொந்தளிப்பில் இரண்டு நாள்கள் கழிந்தால் இரண்டு ஆய்விடங்கள் விடுபட்டுப்போகலாம். கடலடியில் நிறுத்திவைத்த அளவைக் கருவி ஓராண்டுக்குப் பின் மேலே வராமலே போகலாம். காலநிலை மாதிரிகளைக் கொண்டு ஆராய்பவர் கடலுக்குச் செல்வதில்லை. ஆயினும் அவர் மீக்கணினியின் நேர ஒதுக்கீட்டைச் சார்ந்துள்ளார். ஹாம்பர்க்கில் 1987-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஜெர்மானியக் காலநிலைக் கணிப்பு மையம் அத்தகைய ஒதுக்கீட்டை வழங்குகின்றது. நூற்றுக்கணக்கான மாதிரி ஆண்டுகளைக் கணித்த பின்னர் ஓர் உள்ளீட்டுப் பிழை தெரியவந்தால், அக்கணிப்பை முதலிலிருந்து மீண்டும் நடத்த வேண்டியிருக்கும்.

மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பணியாற்றும் ஓர் ஆய்வாளருக்கு இத்தகைய ஒரு தாமதம் ஆறு மாதங்களைப் பறித்துவிடும். அது அவருடைய திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. ஆனால் ஒப்பந்தம் முடியும் நாள் அதனைக் கருதுவதில்லை.

ஆலோசனைக் குழுவும் அதன் தலைவரும்

இந்நிலையை எதிர்கொள்ள ஆய்வுப் பள்ளிகள் வகுத்துள்ள முதன்மை ஏற்பாடு ஆலோசனைக் குழு ஆகும். பிரேமனிலும் பிரேமர்ஹாஃபனிலும் நெறியாளரோடு வேறு அறிஞர்களும் இடம்பெறும் குழு ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அமைகின்றது. ஹாம்பர்க் ஆய்வுப் பள்ளியின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. அங்கு நெறியாளர், இணை நெறியாளர் ஆகியோரோடு குழுத் தலைவர் ஒருவரும் உள்ளார். அத்தலைவர் அந்த ஆய்வை நாள்தோறும் நெறிப்படுத்துபவர் அல்லர். ஆய்வின் முடிவுகளில் அவருக்குத் தனிப்பட்ட பங்கு இல்லை. ஆய்வு உரிய காலத்தில், உரிய முறையில் நடைபெறுகின்றதா என்பதைக் காண்பதே அவர் பணி.

இச்சிறிய வேறுபாட்டின் பயன் பெரிது. நெறியாளர் தம் துறை ஆர்வத்தால் மேலும் ஒரு சோதனை, மேலும் ஒரு படிவு, மேலும் ஒரு கணிப்பு என்று விரித்துக்கொண்டே செல்லக்கூடும். அவ்விரிவு அறிவியலுக்கு நன்மை தருவதாகவும் இருக்கலாம். ஆனால் அது ஆய்வேட்டுக்குத் தேவைதானா என்று கேட்க ஒருவர் வேண்டும். அவ்வினாவை ஆய்வாளர் கேட்டால் அது தயக்கமாகவோ சோம்பலாகவோ கொள்ளப்படலாம். தலைவர் கேட்டால் அது நடைமுறை ஆகின்றது.

குழுக் கூட்டங்கள் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடைபெறுகின்றன. முதற்கூட்டத்திற்கு முன் ஆய்வாளர் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதி அளிக்கின்றார். அத்திட்டத்தில் ஆய்வு வினா, முறையியல், காலஅட்டவணை ஆகியவை இடம்பெறும். நன்கு நடைபெறும் குழுக்களில் இவற்றோடு மாற்றுத் திட்டமும் கேட்கப்படுகின்றது. கப்பல் பயணம் ஒத்திவைக்கப்பட்டால் என்ன செய்வது, காப்பகத்தில் ஏற்கெனவே உள்ள படிவைக் கொண்டு எந்த இயலைத் தொடங்கலாம், புதிய கணிப்பு கிடைக்காவிடில் முன்னரே வெளியான மாதிரித் தரவுகளிலிருந்து எந்த வினாவிற்கு விடை காணலாம் என்பன முதல் ஆண்டிலேயே பேசப்படுகின்றன. கூட்டத்தின் முடிவுகள் எழுத்தில் பதிவாகின்றன. பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தால் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. ஏட்டைப் புரட்டினால் போதும்.

எழுத்து வடிவிலான உடன்பாடு

2011-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த கார்ல் தியோடோர் சூ குட்டன்பர்க், ஆய்வேட்டுத் திருட்டுக் குற்றச்சாட்டால் முனைவர் பட்டத்தையும் பதவியையும் இழந்தார். அந்நிகழ்வு முனைவர் பட்டத்தின் தரம் குறித்த பொதுவிவாதத்தைத் தூண்டியது. அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிவியல் மன்றம் வெளியிட்ட பரிந்துரைகள், நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே எழுத்து வடிவிலான உடன்பாடு வேண்டும் என்றும், நெறியாளுகைப் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது என்றும் வலியுறுத்தின.

இத்தகைய உடன்பாடு ஆய்வாளரின் கடமைகளை மட்டும் பட்டியலிடுவதன்று. நெறியாளர் எத்தனை நாள்களுக்கு ஒருமுறை சந்திக்க வேண்டும், எழுதி அளித்த இயலை எவ்வளவு காலத்திற்குள் படித்துத் தர வேண்டும், கருவிகளையும் தரவுகளையும் பயன்படுத்தும் உரிமை என்ன, ஆய்விதழ்க் கட்டுரையில் ஆசிரியர் வரிசை எவ்வாறு முடிவாகும் என்பனவும் அதில் இடம்பெறலாம். புவி அறிவியலில் கடைசியாகக் கூறியது மிக இன்றியமையாதது. இத்துறையில் தொகுப்பு ஆய்வேடு பரவலாக உள்ளது. அதாவது, ஆய்விதழ்களில் வெளியான அல்லது வெளியீட்டிற்கு அனுப்பிய சில கட்டுரைகளை முன்னுரை, தொகுப்புரை ஆகியவற்றால் இணைத்து ஆய்வேடாக அளிக்கின்றனர். ஒரே பயணத்தில் எடுத்த படிவைப் பலர் ஆராயும்போது, எந்த முடிவு யாருடைய ஆய்வேட்டில் இடம்பெறும் என்பதை முன்னரே வரையறுக்காவிடில் பூசல் எழுவது உறுதி.

பயிற்சியின் கூறுகள்

ஆய்வுப் பள்ளிகள் வழங்கும் பயிற்சியை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை துறை சார்ந்தது. புவி அறிவியல் ஆய்வுப் பள்ளியில் சேர்பவர்கள் ஒரே பின்னணியினர் அல்லர். இயற்பியல், வேதியியல், நிலவியல், உயிரியல், கணிதம் பயின்றவர்கள் ஓரிடத்தில் கூடுகின்றனர். கடல் நீரோட்டத்தின் சமன்பாடுகளை எளிதில் கையாளும் ஒருவர், படிவின் வயது எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை அறியாமல் இருக்கலாம். ஆகவே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் அளவிற்குப் பொது அறிவை உருவாக்கும் பாடங்கள் முதலில் வைக்கப்படுகின்றன.

செய்முறைப் பயிற்சிக்குப் பிரேமனில் நடைபெறும் கோடைப் பள்ளி நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பியக் கடலடித் துளைத்தல் கூட்டமைப்பின் சார்பில் நடைபெறும் இப்பயிற்சியில், காப்பகத்தின் ஆய்வகங்களே கப்பலாகக் கொள்ளப்படுகின்றன. மாணவர்கள் உண்மையான படிவுகளை விவரித்தும், அவற்றின் இயற்பியல் பண்புகளை அளந்தும், துளைத்தல் பயணத்தில் என்ன செய்வரோ அதையே கரையில் செய்து பழகுகின்றனர். ஒரு நாளுக்குப் பெருஞ்செலவு ஆகும் கப்பலில் முதன்முறையாகத் தவறு செய்வதைவிடக் கரையில் தவறு செய்து கற்பது நன்று என்பது இதன் அடிப்படை.

இரண்டாம்வகை ஆய்வுத் தொழில் சார்ந்தது. ஆய்விதழ்க் கட்டுரை எழுதுதல், மாநாட்டில் உரையாற்றுதல், ஆய்வு அறம், தரவு மேலாண்மை ஆகியவை இதில் அடங்கும். தரவு மேலாண்மைக்கு இத்துறையில் தனியிடம் உண்டு. மீண்டும் எடுக்க இயலாத அளவீடுகளே இங்கு மிகுதி. 2019-ஆம் ஆண்டின் ஆர்க்டிக் பனியை எவராலும் மறுபடி அளக்க முடியாது. ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் பிரேமன் பல்கலைக்கழகத்தின் மாரும் மையமும் நடத்தும் 'பாஞ்சியா' தரவுக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் தம் அளவீடுகளை, எடுத்த இடம், நாள், ஆழம், முறை ஆகிய விவரங்களோடு பதிவு செய்கின்றனர். அப்பதிவுக்குத் தனி அடையாள எண் கிடைக்கின்றது. பிறர் பயன்படுத்தும்போது ஆய்வாளரின் பெயர் மேற்கோளாகச் சுட்டப்படுகின்றது.

களமும் கப்பலும்

ஆய்வுக் கப்பலான போலர்ஸ்டெர்ன் 1982-ஆம் ஆண்டு முதல் துருவக் கடல்களில் இயங்கி வருகின்றது. 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை அது 'மோசாய்க்' பயணத்தை மேற்கொண்டது. பெரும்பகுதிக் காலம் ஆர்க்டிக் பனிப்பாளத்தோடு மிதந்து ஓராண்டு அளவீடுகளைத் திரட்டியது. அப்பயணத்தின் தொடக்கத்தில் உடன்சென்ற அகடமிக் ஃபெடரோவ் என்னும் ரஷ்யக் கப்பலில் 20 இளம் ஆய்வாளர்களுக்கென ஒரு பள்ளி நடத்தப்பட்டது. அவர்கள் மூத்த அறிஞர்களிடம் பாடம் கேட்டனர். பனியின்மீது கருவிகளை நிறுவும் பணியிலும் பங்கேற்றனர்.

அதே பயணம் இடையூற்றின் தன்மையையும் காட்டியது. 2020-இல் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் குழு மாற்றம் திட்டப்படி நடைபெறவில்லை. போலர்ஸ்டெர்ன் தான் நின்ற பனிப்பாளத்தை விட்டு ஸ்பிட்ஸ்பெர்கன் அருகே சென்று ஆள்களை மாற்றிக்கொண்டு திரும்ப நேர்ந்தது. உலகின் மிகப்பெரிய துருவப் பயணமே இவ்வாறு தடைப்பட முடியுமாயின், தனியொரு மாணவரின் களப்பணி தடைப்படுவதில் வியப்பில்லை.

களப்பணிக்கு அனுப்புவதற்குமுன் மருத்துவச் சோதனை, கடலில் உயிர்காக்கும் பயிற்சி, பனிக்கரடி எச்சரிக்கை போன்றவை துருவ ஆய்வில் வழக்கமாகிவிட்டன. ஆனால் களத்தின் இடர் இயற்கையால் மட்டும் வருவதன்று. 2014-ஆம் ஆண்டு கேத்ரின் கிளான்சியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, களப்பணி சார்ந்த பல துறைகளைச் சேர்ந்த 666 பேரிடம் கருத்துக் கேட்டது. அவர்களுள் 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் சீண்டலை எதிர்கொண்டதாகவும், 20 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாகவும் தெரிவித்தனர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் மாணவர்கள் உள்ளிட்ட பயிற்சி நிலையினர். களத்தில் நடத்தை விதிகள் உள்ளனவா, யாரிடம் முறையிடுவது என்பவற்றைப் பலர் அறிந்திருக்கவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. கப்பலில் ஆய்வுத் தலைவரே நெறியாளராகவும் இருந்தால் முறையீட்டின் வழி அங்கேயே அடைபட்டுவிடும். எனவே நடத்தை விதியும், கரையில் இருக்கும் ஒரு தொடர்பாளரின் பெயரும் பயணத்திற்கு முன்பே ஆய்வாளரின் கையில் இருத்தல் வேண்டும். இது உயிர்காப்பு உடைக்கு நிகரான பாதுகாப்பு ஏற்பாடு.

ஊதியமும் காலமும்

துணை என்பது அறிவுரையோடு நின்றுவிடுவதில்லை. மேக்ஸ் பிளாங்க் கழகம் நெடுங்காலம் தன் ஆய்வாளர்கள் பலருக்கு உதவித்தொகை வழங்கிவந்தது. உதவித்தொகை பெறுபவர் பணியாளர் அல்லர். ஆகவே ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு போன்ற சமூகப் பாதுகாப்புகள் அவருக்குக் கிட்டவில்லை. 2003-ஆம் ஆண்டு உருவான அக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வாளர் கூட்டமைப்பு இவ்வேறுபாட்டைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியது. 2015-ஆம் ஆண்டு கழகம் உதவித்தொகைக்கு மாற்றாக ஒப்பந்த முறையை அறிமுகப்படுத்தியது. ஒரே ஆய்வகத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவருக்குக் காப்பீடு இருக்க, மற்றவருக்கு இல்லாமற்போகும் நிலை இதனால் மாறத் தொடங்கியது.

காலத்தைப் பொறுத்தவரை, 2007-ஆம் ஆண்டின் அறிவியல் பணிக்கால ஒப்பந்தச் சட்டம் முனைவர் பட்டத்திற்கு முன் ஆறு ஆண்டுகள்வரை ஒப்பந்தப் பணியை அனுமதிக்கின்றது. ஒப்பந்தக் காலம் ஆய்வின் தேவைக்கு ஏற்றதாக அமைய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. பெருந்தொற்றுக் காலத்தில் அவ்வுச்சவரம்பு முதலில் ஆறு மாதங்களும் பின்னர் மேலும் ஆறு மாதங்களுமாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் சட்டம் காலத்தை அனுமதிக்குமே தவிர, நிதியை வழங்குவதில்லை. மூன்று ஆண்டுத் திட்ட நிதி தீர்ந்தபின் இறுதி இயல்களை ஊதியமின்றி எழுத நேரும் நிலை இன்றும் உள்ளது. எனவே முடிவுக்கட்ட நிதி ஆய்வுப் பள்ளி வழங்கக்கூடிய உதவிகளுள் மிகவும் பயன்தருவது.

மனநலமும் முறையீட்டு வழியும்

2018-ஆம் ஆண்டு தெரேசா எவான்சும் குழுவினரும் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம், நடத்திய கருத்தாய்வில் 41 விழுக்காட்டினர் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றநிலையிலும், 39 விழுக்காட்டினர் அத்தகைய மனச்சோர்விலும் இருந்தது தெரியவந்தது. விரும்பி விடையளித்தோரை மட்டும் கொண்ட கருத்தாய்வு ஆதலின் இவ்விழுக்காடுகளை எல்லா ஆய்வாளர்களுக்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது. ஆயினும் பதற்றமோ சோர்வோ உடையவர்களுள் பெரும்பாலோர் தம் நெறியாளரிடமிருந்து உண்மையான துணை கிடைப்பதாகக் கருதவில்லை என்னும் முடிவு கவனத்திற்குரியது. 2017-ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 ஆய்வாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வும் நெறியாளரின் தலைமைப் பாங்கு ஆய்வாளரின் மனநலத்தோடு தொடர்புடையது என்று காட்டியது. ஆகவே மனநல ஆலோசகரை நியமிப்பது மட்டும் தீர்வாகாது. நெறியாளுகையின் அமைப்பைச் சீர்செய்தலும் மனநலப் பணியே.

1997-ஆம் ஆண்டு இரு புற்றுநோய் ஆய்வாளர்களின் தரவு மோசடி வெளிப்பட்டதைத் தொடர்ந்து, ஜெர்மானிய ஆய்வு அறக்கட்டளை 1998-ஆம் ஆண்டு நல்லாய்வு நடைமுறைக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. 1999-ஆம் ஆண்டு நடுவர் குழுவை நியமித்தது. பல்கலைக்கழகங்களும் தத்தம் நடுவர்களைக் கொண்டுள்ளன. ஆய்வுப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரோ நடுவர் நிலைக்குச் செல்லும் முன்னரே ஆய்வாளர் அணுகக்கூடியவர். ஆய்வாளரின் மதிப்பெண்ணிலோ ஊதியத்திலோ அவருக்குப் பங்கில்லை. அதனால்தான் அவரிடம் பேச முடிகின்றது.

அமைப்பின் எல்லைகள்

ஆய்வுப் பள்ளி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது எனக் கொள்ளலாகாது. முதலாவது, குழு உறுப்பினர்கள் நெறியாளரின் உடன்பணியாளர்களாகவே பெரும்பாலும் அமைகின்றனர். நாளை ஒரே கப்பலுக்காகக் கூட்டு முன்மொழிவு எழுத வேண்டிய இருவர், இன்று மாணவர் ஒருவருக்காக முரண்படுவது அரிது. இரண்டாவது, நெறியாளரே முதல் மதிப்பீட்டாளர் என்னும் நடைமுறை பெரும்பாலும் மாறவில்லை. மூன்றாவது, பள்ளிகளின் நிதி நிலையானதன்று. உயர்சிறப்புத் திட்டம் 2017-ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதனை அடுத்து வந்த திட்டத்தில் ஆய்வுப் பள்ளிகளுக்கெனத் தனிப் பிரிவு இல்லை. நான்காவது, குழுக் கூட்டம் கையொப்பச் சடங்காகச் சுருங்கும் வாய்ப்பு எங்கும் உண்டு.

இந்திய விதிகளோடு ஓர் ஒப்பீடு

தமிழகப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளில் இவ்வேற்பாடுகளுக்கு இணையான பல கூறுகள் உள்ளன. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு அமைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் அக்குழுமுன் தம் முன்னேற்றத்தை அளிக்க வேண்டும். குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடங்களை முடிக்க வேண்டும். அவற்றுள் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறமும் அடங்கும். ஒரு பேராசிரியர் எட்டு பேர்வரை, இணைப் பேராசிரியர் ஆறு பேர்வரை, உதவிப் பேராசிரியர் நான்கு பேர்வரை நெறிப்படுத்தலாம். மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பிற்கு 240 நாள்கள்வரை விடுப்புண்டு.

வேறுபாடு ஒரு புள்ளியில் உள்ளது. இவ்விதிகளின்படி ஆலோசனைக் குழுவின் கூட்டுநர் நெறியாளரே. முன்னேற்றம் நிறைவளிக்காவிடில் காரணங்களைப் பதிவு செய்து திருத்தங்களைக் கூறவும், அவற்றையும் நிறைவேற்றாவிடில் பதிவை நீக்கப் பரிந்துரைக்கவும் அக்குழுவிற்கு அதிகாரம் உண்டு. ஆய்வின் தாமதத்திற்குக் காரணம் கருவியா, நிதியா, நெறியாளுகையா, ஆய்வாளரா என்பதை முடிவு செய்யும் கூட்டத்தை, அக்காரணங்களுள் ஒன்றாக இருக்கக்கூடியவரே கூட்டுகின்றார். ஹாம்பர்க்கில் உள்ளதுபோல் நெறியாளர் அல்லாத ஒருவரைத் தலைவராக அமைப்பதற்குப் பெரும் நிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. துறையில் உள்ள வேறொரு பேராசிரியரின் பருவத்திற்கு இரண்டு மணிநேரம் போதுமானது.

முடிவுரை

புவி அறிவியல் ஆய்வில் தரவு பலரின் உழைப்பாலும் பொதுநிதியாலும் கிடைக்கின்றது. எனவே அதன் இழப்பும் பலராலும் தாங்கப்பட வேண்டியது. ஜெர்மனியின் புவி அறிவியல் ஆய்வுப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. நெறியாளர் அல்லாத தலைவரைக் கொண்ட குழு, ஆய்வின் பரப்பையும் காலத்தையும் சமன்செய்ய உதவுகின்றது.

2. இருதரப்புக் கடமைகளையும் கூறும் எழுத்து வடிவிலான உடன்பாடு, பூசல்களை அவை எழும் முன்பே தவிர்க்கின்றது.

3. தரவு கிட்டாதபோது மேற்கொள்ள வேண்டிய மாற்றுத் திட்டம் முதலாண்டிலேயே வகுக்கப்பட வேண்டும்.

4. களப்பணியில் உடல் பாதுகாப்போடு நடத்தை விதியும் முறையீட்டு வழியும் இணைந்தே அமைய வேண்டும்.

5. முடிவுக்கட்ட நிதி இன்றி அளிக்கப்படும் கால நீட்டிப்பு முழுமையான துணை ஆகாது.

களப்பணி, கல்வெட்டு, நாட்டார் வழக்காறு, தொல்லியல் எனத் தரவுக்காகப் பிறரைச் சார்ந்திருக்கும் எத்துறைக்கும் இவை பொருந்தும். நெறியாளர்–மாணவர் உறவின் மதிப்பைக் குழு குறைப்பதில்லை. அவ்வுறவு தளரும் நாளிலும் ஆய்வு தொடர்வதற்கு அது வழிசெய்கின்றது.